சீர் செய்ய ஆள் வேண்டும்

திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம், பரமத்தி வேலூர் பக்கம் நடக்கும் கொங்கு வெள்ளாளர் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்பு இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவரோடு கூடப் பிறந்தவளும் சேர்ந்திருக்க, சீர் நடத்தும் தகுதி பெற்ற பெரியவரான அருமைக்காரர் அதை நடத்திவைப்பார். பெண்டாட்டி வந்த பிறகும் கூடப் பிறந்தவளின் உரிமையை மறக்கமாட்டேன் என்று அண்ணனோ தம்பியோ ஊரறியச் சொல்வதே இதன் பொருள். நாளைக்கு இவன் பிள்ளைக்கும் அவள் பிள்ளைக்கும் சம்பந்தம் பேச வழி உண்டு என்ற உறுதியும் அதில் அடக்கம் என்பார்கள் பெரியவர்கள்.

இப்போது பல மண்டபங்களில் அந்த நேரம் வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. "இணைச்சீருக்கு யாரு நிக்கறது?" மாப்பிள்ளை ஒற்றைப் பிள்ளை. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்கு ஒன்று. அதில் ஒன்றுதான் பெண். பெங்களூரில் வேலை பார்க்கும் அந்தப் பெண், பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். சீர் நடந்துவிடுகிறது. ஆனால் அதை நடத்தத் தேவையான ஆள்கள் ஒரே தலைமுறையில் குறைந்துவிட்டார்கள்.

வயது தானாக ஏறும். பொறுப்பும் உறவும் தானாக ஏறுவதில்லை. பிள்ளையைக் கணவனாக, கணவனைத் தகப்பனாக, தகப்பனை ஊர்ப் பெரியவராக ஆக்கிவைக்க வேறு மனிதர்கள் வேண்டும். வாழ்நாள் முழுக்க நம் உறவுகள் எப்படி மாறுகின்றன என்று கடந்த நூறாண்டு காலமாக நடந்துவரும் ஆராய்ச்சி சொல்லும் தலையாய செய்தி இது. சேலம், நாமக்கல் சமவெளியில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

படிக்கு ஓர் ஆள்

பிறப்பு, பூப்பு, கல்யாணம், சாவு ஆகிய கட்டங்களில் உலகெங்கும் செய்யப்படும் சடங்குகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர் ஆர்னால்ட் வான் கென்னப். 1909-ல் பிரெஞ்சு மொழியில் வெளியான அவருடைய நூல், இந்தச் சடங்குகளுக்கெல்லாம் ஒரே கட்டமைப்பு இருப்பதாகச் சொன்னது. பழைய நிலையிலிருந்து பிரித்தல், இடையில் நிறுத்திவைத்தல், புதிய நிலையில் சேர்த்தல் என மூன்று படி. பூப்பெய்திய பெண்ணைத் தனியே உட்காரவைத்து, நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றி, மாமன் வீட்டுச் சேலை உடுத்திச் சபையில் உட்காரவைப்பதில் மூன்று படியும் இருப்பதை நம் வீட்டுப் பெண்கள் எவரும் உடனே கண்டுகொள்வார்கள்.

கொங்கு நாட்டுச் சீர்களை நேரில் இருந்து பதிவு செய்தவர் கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக். 1960-களின் நடுவில் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த அவருடைய நூல் 1972-ல் வெளிவந்தது. இந்தச் சீர்களை வயது வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரு செய்தி பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு படிக்கும் ஒரு குறிப்பிட்ட உறவுக்காரர் பொறுப்பு. பெண் பெரியவளானால் தாய்மாமன். கல்யாணத்தில் கூடப் பிறந்தவள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எழுதிங்கள் சீர். இதைச் செய்துவைக்க வேண்டியவன் அவளுடைய பொறந்தவன். அந்தச் சீர் முடிந்த பிறகே மற்ற வீட்டு மங்கல காரியங்களில் முன்னின்று சீர் செய்யும் தகுதி அவளுக்கு வரும். அதற்கும் மேலே அருமை என்ற படி. அதைப் பெற்ற தம்பதி அருமைக்காரர், அருமைக்காரி என்று அழைக்கப்படுவார்கள். அடுத்த தலைமுறையின் கல்யாணங்களை நடத்திவைப்பவர்கள் இவர்கள்தான்.

உலா இலக்கியங்களில் பேதை முதல் பேரிளம்பெண் வரை பெண்ணுக்கு ஏழு பருவங்கள். பாட்டியல் நூல்களின் கணக்கு பெரும்பாலும் 40 வயதோடு முடிந்துவிடும். சீர்களின் கணக்கு அங்கே நிற்கவில்லை. நடுவயதில் புதிய தகுதி, முதிர்வயதில் அதைவிடப் பெரிய தகுதி என்று அது மேலே போகிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. அதே ஏற்பாடு, கணவனை இழந்தவளையும் பிள்ளை இல்லாதவளையும் பாதிப் படியில் நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இது ஒரு சாதியின் வழக்கம்தான். என்றாலும் தாய்மாமன் சீர் இல்லாத சாதி இந்தச் சமவெளியில் அபூர்வம். அண்ணன் தங்கை உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு, ஊர் ஊராக உடுக்கடித்துச் சொல்லப்படும் அண்ணன்மார் கதையே சாட்சி. பொன்னரும் சங்கரும் மாண்டபின் அவர்களைத் தேடிப் போய் உயிர்ப்பிப்பவள் தங்கை தங்காள். அந்தப் பெரிய கதையின் உச்சத்தில் மனைவிமார் இல்லை. கூடப் பிறந்தவள் இருக்கிறாள்.

கூடவே வரும் வண்டிகள்

1980-ல் ராபர்ட் கான், டோனி அன்டனூச்சி ஆகிய இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மனிதர் வாழ்நாளைத் தனியே கடப்பதில்லை. துணை வண்டிகள் புடைசூழப் போகிறார் என்பது அவர்கள் கருத்து. நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரவில் தொப்பூர் கணவாயில் முன்னும் பின்னுமாக இறங்கும் லாரிகளைப் போல, சில வண்டிகள் கடைசிவரை கூட வரும், சில பாதியில் வேறு சாலையில் திரும்பும், சில புதிதாகச் சேரும். மிக நெருங்கியவர்கள், நெருங்கியவர்கள், அறிமுகமானவர்கள் என்று மூன்று வட்டங்களாக இவர்களைப் பிரிக்கலாம். உள்வட்டம் ஆண்டுக்கணக்கில் அசையாது. வெளிவட்டம் வேலை, ஊர், வயது மாறும்போதெல்லாம் மாறும்.

வட்டம் எந்த வயதில் பெரிது? ஐரோப்பிய நாடு ஒன்றில் சுமார் 32 லட்சம் கைப்பேசி வாடிக்கையாளர்களின் அழைப்புகளை, பெயர்களை நீக்கிவிட்டு, குணால் பட்டாச்சார்யா, அசிம் கோஷ், ராபின் டன்பார் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. ஒருவர் பேசும் ஆள்களின் எண்ணிக்கை 25 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு படிப்படியாகக் குறைகிறது. இளவயதில் ஆண்களுக்குத் தொடர்பு அதிகம்; 40 வயதை நெருங்கும்போது பெண்கள் முந்திவிடுகிறார்கள். அதற்கு முன்பே, 2013-ல், கார்னேலியா வ்ருசும் உடன் பணியாற்றியவர்களும் 277 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருந்தார்கள். மொத்தம் 1,77,635 பேர். அதிலும் இதே கோடுதான்: இளமைவரை ஏற்றம், பின்பு இறக்கம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நண்பர்களும் அறிமுகமானவர்களும் குறைந்தார்கள். குடும்ப வட்டத்தின் அளவு ஏறக்குறைய அப்படியே நின்றது.

கிளீனராக ஏறியவர் டிரைவராகி, பிறகு ஒரு வண்டிக்கு ஓனராவது நாமக்கல்லின் பழைய படிக்கட்டு. கிளீனர் வயதில் அவருக்குத் தெரிந்தவர்கள் நாக்பூர் வரை இருப்பார்கள். தாபா முதலாளி, பஞ்சர் போடுபவர், லோடு ஏற்றும் புரோக்கர், சோதனைச் சாவடியில் கூட நின்றவர் என்று பட்டியல் நீளும். ஓனரான பிறகு பைனான்ஸ்காரர், பட்டறை மேஸ்திரி, தன் டிரைவர்கள், சங்கத்து ஆள்கள் என்று சுருங்கும். அறுபதைத் தாண்டியபின் காலையில் டீக்கடைக்கு வரும் நான்கைந்து பேரும் வீடும் மிஞ்சும்.

இந்தச் சுருக்கத்தை முதுமையின் இழப்பு என்றே நெடுங்காலம் அறிஞர்களும் நினைத்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் 1990-களில் அதை மறுத்தார். முன்னே நிறைய காலம் இருப்பதாக உணர்கிறவர் புதியவர்களைத் தேடிப் போகிறார். அவர்களிடம் கற்கவும் பெறவும் நிறைய இருக்கிறது. மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர் மனதுக்கு நிறைவு தரும் சிலரோடு இருக்க விரும்புகிறார். ஆகவே சுருக்கத்தின் ஒரு பகுதி முதியவர் தாமே செய்யும் தேர்வு. கடும் நோயில் இருக்கும் இளையவர்களும் இதேபோல நெருங்கியவர்களையே நாடுவது, வயதைவிடக் காலக்கெடு பற்றிய உணர்வு முக்கியம் என்பதைக் காட்டியது.

இதற்கு ஒரு கூடுதல் கேள்வியைப் போட்டது 2020-ல் வெளியான ஒரு சிம்பன்சி ஆய்வு. உகாண்டாவின் கிபாலே காட்டில் 21 ஆண் சிம்பன்சிகளை 1995 முதல் 2016 வரை பின்தொடர்ந்து சேர்த்த குறிப்புகள் அதன் அடிப்படை. வயதான ஆண்கள் இருவருக்கும் சமமாகப் பிடித்த நட்புகளை வைத்துக்கொண்டு, ஒருதலையான உறவுகளைக் கைவிட்டிருந்தன. சண்டையும் குறைந்திருந்தது. சாவை எண்ணி நாளைக் கணக்கிடும் திறன் சிம்பன்சிக்கு இருப்பதாக ஆதாரம் இல்லை. அப்படியானால் இந்தத் தேர்வின் வேர் மனித இனத்தைவிடப் பழையதாக இருக்கக்கூடும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தேர்ந்தெடுக்க ஆள் இருந்தால்தான் தேர்வு. உள்வட்டமே காலியாக இருப்பவருக்கு இந்தக் கோட்பாடு ஆறுதல் தராது.

நேரம் தவறிய கடிகாரம்

1965-ல் பெர்னிஸ் நியூகார்ட்டனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் நடுவயதுக்காரர்களிடம், எந்த வயதில் கல்யாணம், எந்த வயதில் பிள்ளை, எந்த வயதில் வேலையில் நிலைபெற வேண்டும் என்று கேட்டார்கள். பதில்கள் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போயின. ஒவ்வொரு சமூகமும் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. அதில் பிந்துகிறவரும் முந்துகிறவரும் அதை உடம்பிலேயே உணர்கிறார்கள் என்றார் நியூகார்ட்டன்.

நம் சமவெளியில் அந்தக் கடிகாரம் பெருவாரியாகத் தவறியிருக்கிறது. காரணத்தை மறைக்காமல் பேச வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 851. தமிழ்நாட்டின் சராசரி 942. இயற்கையில் ஆயிரம் ஆண் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கும். அந்த இடைவெளியில் இருந்திருக்க வேண்டிய பெண்கள் கருவிலேயே அடையாளம் காணப்பட்டு அழிக்கப்பட்டார்கள். பிறந்தபின் கொல்லப்பட்டவர்களும் உண்டு. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது இந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். 2011-ல் அந்த எண் 910-ஐத் தாண்டியது. முன்னேற்றம்தான்; ஆனால் காணாமற்போனவர்கள் திரும்ப வரமாட்டார்கள்.

அன்று தொட்டிலில் இருந்த பையன்கள் இப்போது பெண் தேடுகிறார்கள். ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் கொங்கு வேளாண் குடும்பங்களில் முன்கூட்டியே வந்துவிட்டதால் பெண் எண்ணிக்கை இரட்டிப்பாக அடிபட்டது. படித்த பெண்கள், தோட்டத்தையும் கோழிப்பண்ணையையும் நம்பியிருக்கும் மாப்பிள்ளையைவிட நகரத்து வேலையை நாடுகிறார்கள். அது அவர்கள் உரிமை. பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் கொண்டுவந்த குடும்பங்கள் இன்று ஏராளம். சொந்த அத்தை மகளைத் தவிர வேறு பேச்சில்லை என்றிருந்த ஊர்களில் மலையாளம் பேசும் மருமகள் பொங்கல் வைக்கிறாள்.

பெண் கிடைக்காமல் நாற்பதை எட்டியவரின் நிலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பத்து ஏக்கர் தோட்டத்தை அவர்தான் பார்க்கிறார். கோழித்தீவனக் கணக்கு, ஆள் கூலி, வங்கிக் கடன் எல்லாம் அவர் கையில். ஆனால் கோயில் கூட்டத்தில் வரி கேட்கும்போது அப்பன் பெயரில்தான் குடும்பக் கணக்கு. கல்யாண வீட்டில் அவருக்கு ஒதுக்கப்படுவது பந்தி விசாரிக்கும் வேலை. சீர்த்தட்டு எடுக்கத் தம்பதியைத்தான் கூப்பிடுவார்கள். அத்தைமார் இன்னும் "பையனுக்கு எங்காச்சும் பாருங்க" என்கிறார்கள். வேலையில் அவர் பெரியவர், உறவில் பையன்.

தேங்கியது அவர் ஒருவர் மட்டும் இல்லை. சமூகவியலாளர் க்ளென் எல்டர், 1930-களின் பெரும் பொருளாதாரச் சரிவில் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் வளர்ந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 1974-ல் ஒரு நூல் எழுதினார். அப்பா வேலை இழந்த வீட்டில் பையன் சம்பாதிக்கப் போனான், மகள் வீட்டைக் கவனித்தாள், அம்மா குடும்பத் தலைவியானாள். ஒருவருடைய பொறுப்பு மாறினால் அவரோடு பிணைந்த எல்லாருடைய பொறுப்பும் மாறும் என்பது எல்டரின் முக்கியமான கண்டுபிடிப்பு. இங்கேயும் அதுதான். மகன் கணவனாகாததால் அம்மா மாமியாராகவில்லை, அப்பத்தாவாகவில்லை. எழுபதிலும் அவர்தான் அடுப்படியில்.

அப்பத்தா, அமுச்சி என்ற நிலை சாதாரணமானது இல்லை. பிள்ளை பெறும் வயது தாண்டியும் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்வது ஏன் என்ற கேள்விக்கு, டான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ் ஒரு விடை சொன்னார். பாட்டி கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைக்கு ஊட்டுவதால் தாய் அடுத்த பிள்ளையைத் தாங்க முடிகிறது. அந்த உதவியே மனித ஆயுளை நீட்டியிருக்கலாம். 2004-ல் ஃபின்லாந்து, கனடாவின் பழைய ஊர்ப் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வில், 50 வயதுக்குமேல் பாட்டி வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் குடும்பத்தில் சுமார் இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதலாக இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பொறுப்பை ஒரு தலைமுறை அம்மாக்கள் பலர் இழந்து நிற்கிறார்கள்.

தானே ஒரு வட்டம் அமைத்தவர்

கடிகாரம் முந்தினால் என்ன ஆகும்? அறுபதில் விதவையாகும் பெண்ணுக்கு அதே நிலையில் அக்காவோ நங்கையோ இருப்பார்கள். இருபதில் ஆகும் பெண்ணுக்கு யாருமில்லை. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமிக்கு 1990-களில் அதுதான் நேர்ந்தது. லாரி டிரைவருக்கு மணமுடிக்கப்பட்டு, சிறிது காலத்திலேயே தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்து, இளம் வயதிலேயே கணவரையும் இழந்தார். லாரித் தொழில் செழித்த அந்த மாவட்டத்தில் எச்.ஐ.வி. பல வீடுகளை உலுக்கிய காலம் அது. சீர்களின் வரிசையில் அவருக்கு இனி இடமில்லை. அவர் தம்மைப் போன்ற பெண்களைத் தேடிச் சேர்த்தார். 1998-ல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பு உருவானது. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாகி, மருந்துக்கும் சொத்துரிமைக்கும் குரல் கொடுத்தார்கள். உறவுமுறை தராத இடத்தை ஒருவர் புதிய உறவுகளைக் கட்டிப் பெறலாம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று நம் மண்ணில் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சான்று அமைதியாகப் பெருகியது. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் பரவியது. வாரக்கூட்டம், சிறுசேமிப்பு, கடன் என்று பணத்தைச் சுற்றியே அது அமைந்திருந்தாலும், சொந்தக்காரர் அல்லாத பெண்களோடு நடுவயதில் நட்புக் கொள்ளும் வழியைப் பல பெண்களுக்கு முதன்முதலாகத் திறந்துவிட்டது அந்தக் கூட்டம்தான். ஆண்களுக்கு டீக்கடையும் சங்கமும் எப்போதும் இருந்தன. பெண்களுக்குக் கோயிலும் குழாயடியும் மட்டுமே இருந்தன.

முதுமைக்கு யார் துணை?

2021-க்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள்; இந்திய சராசரி 10.1. ஒற்றைப் பிள்ளையைப் பெற்று, படிக்கவைத்து, வெளியூர் அனுப்பிய தம்பதிகள் அந்தக் கூட்டத்தில் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். துணை தேவைப்படுவது மனத்துக்கு மட்டும் இல்லை, உயிருக்கும்தான். 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களைத் தொகுத்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு, அவை இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

பொறுப்பு ஒரே நாளில் அறுந்துபோவதற்கும் மெல்ல மாறுவதற்கும் வித்தியாசம் உண்டு. சேலம் அம்மாப்பேட்டைத் தறி வீடுகளில் சின்ன வயதில் தார் சுற்றியவர், வாலிபத்தில் தறியில் உட்காருவார். கண்ணும் இடுப்பும் தளர்ந்தபின் மறுபடி ராட்டையருகே வந்து தார் சுற்றுவார். கூலி குறைவு, ஆனால் அவர் நூல் ஓடாமல் தறி ஓடாது. பேரனும் மருமகளும் அவரிடம் வந்துதான் ஆகவேண்டும். உருக்காலையிலோ அரசு அலுவலகத்திலோ 60 வயதில் மாலை போட்டு அனுப்பப்படுபவருக்கு இந்தத் தொடர்ச்சி கிடைப்பதில்லை. வேலையோடு வெளிவட்டம் முழுவதும் ஒரே மாதத்தில் போய்விடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. நாற்பதிலும் ஐம்பதிலும் நட்பை வளர்ப்பது வெட்டிப்பேச்சு என்ற எண்ணத்தை விட வேண்டும். முதுமையின் உள்வட்டம் அந்த வயதில்தான் உருவாகிறது. பிள்ளைகளுக்குச் சித்தப்பா, பெரியம்மா மக்களோடு வருடத்துக்குச் சில நாள்களாவது ஒரே கூரையின்கீழ் கழிய வேண்டும். சீருக்கு வந்து நிற்பவள் முதலில் விளையாட்டுக்கு வந்திருக்க வேண்டும். சுய உதவிக் குழு, சங்கம், நூலகம், நடைப்பயிற்சிக் கூட்டம் எதுவானாலும், தனித்து நிற்கும் நடுவயது ஆண்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

சீர்களும் மாறட்டும். கூடப் பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்தலாம் என்று ஒரு காலத்தில் யாரோ பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். சீர் அதனால் கெட்டுவிடவில்லை. அதே துணிவோடு, மகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கிய விதவைத் தாய் மணையருகே நின்று தாலியைத் தொட்டுக் கொடுக்கட்டும். கல்யாணமாகாமல் பெற்றோரைத் தாங்கும் மகன் பெயரில் கோயில் வரி எழுதப்படட்டும். எழுதிங்களுக்குப் பொறந்தவன் இல்லையென்றால் உயிர்த்தோழி வந்து செய்யட்டும். ஒரு மனிதரை அடுத்த படிக்கு ஏற்றிவிடுவதே சீரின் வேலை. ஏற்றிவிடும் கை யாருடையது என்பதை, ஆள் குறைந்துபோன இந்தத் தலைமுறை புதிதாக முடிவு செய்துகொள்ளலாம்.